ஒரு நகக்கனம் தள்ளி

அண்ணி: நீங்க பிடிச்சிருக்கறது மேசை இல்ல மாப்பிள்ளை. என் நாற்காலி.

மாப்பிள்ளை: அதான் நகருதேன்னு பாத்தேன்.

அண்ணி: அப்படியே வலது பக்கமா ரெண்டு அடி வைங்க. முக்காலி தட்டுப்படும். லேசர் கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல?

மாப்பிள்ளை: லேசரே என்னோடது. எனக்கே பாடமா அண்ணி...

அண்ணி: லேசர் உங்களோடது. கண்ணு என் தங்கச்சியோடது. ஏதாவது ஆச்சுன்னா அவளுக்கு நான்தான் பதில் சொல்லணும்.

மாப்பிள்ளை: போட்டிருக்கேன், போட்டிருக்கேன். உக்காந்தும் ஆச்சு. வெளிய மத்தியானம் ரெண்டு மணி வெயில் கொளுத்துது. இங்க என் கையே எனக்குத் தெரியல. ஜன்னல்ல எத்தனை அடுக்கு கருப்புத் தாள் ஒட்டியிருக்கீங்க?

அண்ணி: நாலு. கதவுக்கு அடியில கம்பளி. சாவித் துவாரத்துல பஞ்சு.

மாப்பிள்ளை: சாவித் துவாரத்துலயுமா?

அண்ணி: உங்க லேசர் எலக்ட்ரான்ல பட்டுச் சிதறி வர்ற வெளிச்சம் இருக்கே, அது துளியிலயும் துளி. சாவித் துவாரம் வழியா வர்ற வெயில் அதைவிட லட்சம் மடங்கு. பஞ்சு வைக்காம?

மாப்பிள்ளை: எங்க ஆய்வகத்துல யாருக்கும் இது தோணல. வருஷக் கணக்கா வெயிலையும் சேத்து எண்ணிட்டிருந்திருக்கோம் போல.

அண்ணி: ...நக்கலா?

மாப்பிள்ளை: சத்தியமா இல்ல.

அண்ணி: சரி. எண்ணிக்கை ஓட ஆரம்பிச்சிடுச்சு. நாற்பது நிமிஷம். நடுவுல எந்திரிக்கக் கூடாது, கதவத் திறக்கக் கூடாது.

மாப்பிள்ளை: பேசலாமா?

அண்ணி: பேச்சுக்கு வெளிச்சம் கிடையாது.

மாப்பிள்ளை: அழகா இருக்கு அண்ணி.

அண்ணி: எது?

மாப்பிள்ளை: உங்க ஜெட். குழாய் நுனியில அந்த ஊதாச் சுடர் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது. எங்ககிட்ட இருக்கறது யாராவது தும்மினா ஆடும். இது... பத்து நிமிஷமா பாக்கறேன், ஒரு நடுக்கம் இல்ல.

அண்ணி: வாயு வர்ற குழாய மாத்தினேன். பிளாஸ்டிக் குழாய் ஈரத்தை இழுக்குது. எஃகுக் குழாய் போட்டேன். கண்ணாடி முனை மட்டும் பழசு.

மாப்பிள்ளை: அதே முனையா? நாம ரெண்டு பேரும் அப்ப...

அண்ணி: அதேதான். விளிம்புல சின்னக் கீறல் இருக்கும். நீங்க ஒரு தடவை தட்டி விட்டது.

மாப்பிள்ளை: இத்தனை வருஷமாவா வச்சிருக்கீங்க?

அண்ணி: தூக்கிப் போட மனசு வரல. அதுக்கு மேல அர்த்தம் எதுவும் பண்ணிக்காதீங்க.

மாப்பிள்ளை: பண்ணல. ...கெளம்பும்போது உங்க தங்கச்சி கேட்டா. ரெண்டு பேரும் அப்படி என்னத்தைத்தான் அளக்கறீங்கன்னு.

அண்ணி: பதிமூணு வருஷம் குடும்பம் நடத்திட்டு இப்பத்தான் கேக்கறாளா?

மாப்பிள்ளை: வருஷத்துக்கு ஒரு தடவை கேப்பா. நானும் சலிக்காம சொல்வேன். ஒரு கண்ணாடிக் குழாய். அதுல ஆர்கான் வாயுவை ஊதறோம், மின்சாரம் குடுக்கறோம், நுனியில ஊதா நிறத்துல சுடர் மாதிரி ஒண்ணு நிக்குது. விரலை வச்சா வெதுவெதுன்னு இருக்கும், சுடாது. ஆனா அதுக்குள்ள ஓடுற எலக்ட்ரானோட சூடு மட்டும் பதினஞ்சாயிரம் டிகிரின்னேன்.

அண்ணி: என்ன சொன்னா?

மாப்பிள்ளை: தொட்டா வெதுவெதுப்பு, உள்ள பதினஞ்சாயிரம், அப்படியே எங்க அக்கா மாதிரியே இருக்கேன்னா.

அண்ணி: ...அவளுக்கு வாய் நீளம்.

மாப்பிள்ளை: நீங்க சிரிச்சீங்க. இருட்டுல கூட கேட்டுது.

அண்ணி: தொண்டை கரகரப்பு.

மாப்பிள்ளை: சூட்டைப் பத்தி நமக்குள்ள என்னைக்குமே தகராறு இல்ல அண்ணி. நீங்க அளந்ததும் பதினஞ்சாயிரம், நான் அளந்ததும் பதினஞ்சாயிரம். நெருக்கத்துலதான் பிரச்சினை.

அண்ணி: அடர்த்தின்னு சொல்லுங்க.

மாப்பிள்ளை: எலக்ட்ரான் எவ்வளவு நெருக்கமா இருக்குங்கறதைத்தானே...

அண்ணி: அடர்த்தின்னு சொல்லுங்க மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: அடர்த்தி. ஒரு சீனிக்கட்டி அளவு இடத்துல, நீங்க நாலு கோடி கோடின்னீங்க. நான் ஒரு கோடி கோடின்னேன்.

அண்ணி: நாலுல ஒரு பங்கு.

மாப்பிள்ளை: ஒரே ஜெட். ஒரே அறை. ஒரே வாரம்.

அண்ணி: எனக்கு ஞாபகப்படுத்தத்தான் ரயிலேறி வந்தீங்களா?

மாப்பிள்ளை: இல்ல... புது லேசர். எடுத்துட்டுப் போய் வேற இடத்துல வச்சா ஒழுங்கா ஓடுதான்னு பாக்கணும். அவ்வளவுதான்.

அண்ணி: அதுக்கு உலகத்துல வேற ஜெட்டே கிடைக்கலையா?

மாப்பிள்ளை: பழகின ஜெட்டா இருந்தா நல்லதுன்னு தோணுச்சு.

அண்ணி: பழகின ஜெட். ம்.

மாப்பிள்ளை: என்ன ம்?

அண்ணி: ஒண்ணுமில்ல. புது லேசருக்கு ஏத்த காரணம்.

மாப்பிள்ளை: ...நீங்க இன்னும் கோட்டோட அகலத்தைத்தான் அளக்கறீங்களா?

அண்ணி: வேற என்ன தெரியும் எனக்கு? ஆர்கான்ல ஒரு சிட்டிகை ஹைட்ரஜன் கலக்கறது. அது ஒளிரும்போது நீல நிறத்துல ஒரு கோடு வரும். சுத்தி எலக்ட்ரான் கூட்டம் அதிகமா இருந்தா இடிபட்டு இடிபட்டு அந்தக் கோடு அகலமாகும். கோடு எவ்வளவு அகலமோ, கூட்டம் அவ்வளவு. இருபது வருஷமா இதே பொழப்பு.

மாப்பிள்ளை: அதனாலதானே உங்களுக்கு அகலம்னு பேரு வச்சோம்.

அண்ணி: நீங்க வச்சீங்க. உங்களுக்குச் சிதறல்னு நான் வச்சேன்.

மாப்பிள்ளை: சிதறல்னு யாராவது கூப்பிட்டு ரொம்ப காலம் ஆச்சு.

அண்ணி: தங்கச்சி புருஷனைப் பட்டப்பேர் வச்சுக் கூப்பிட முடியுமா? வீட்டு மாப்பிள்ளை. மரியாதை குடுக்கணும்.

மாப்பிள்ளை: கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு வருஷம் நீ, வா, போன்னுதானே கூப்பிட்டீங்க. மரியாதை எல்லாம் நான் எழுதின அந்தக் கட்டுரைக்கு அப்புறம்தானே வந்துது.

அண்ணி: எப்ப வந்தா என்ன, மரியாதை மரியாதைதானே?

மாப்பிள்ளை: பதினோரு வருஷம் அண்ணி. நீங்க, வாங்க, சாப்பிட்டீங்களா. மரியாதை குடுத்தே கொன்னுட்டீங்க. உங்க அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, வராந்தாவுல நாம ரெண்டு பேரு மட்டும் ராத்திரி முழுக்க உக்காந்திருந்தோம். விடியற வரைக்கும் நீங்க பேசினது ஒரே வார்த்தை. போர்வை வேணுமா மாப்பிள்ளைன்னு.

அண்ணி: குளிருச்சே.

மாப்பிள்ளை: எனக்கா, உங்களுக்கா?

அண்ணி: ...மணி அடிச்சிடுச்சு. நாற்பது நிமிஷம். திரையைப் பாருங்க. பக்கத்துல போய்ப் பாருங்க, மங்கலாத்தான் வச்சிருக்கேன்.

மாப்பிள்ளை: பாக்கறேன். ...ஒண்ணு புள்ளி பூஜ்யம் ரெண்டு.

அண்ணி: ஒரு கோடி கோடி.

மாப்பிள்ளை: ஆமா. அதே பழைய எண்.

அண்ணி: நல்லது. லேசர் நல்லா ஓடுது. வாழ்த்துகள். வண்டியை வரச் சொல்லட்டுமா? அஞ்சரைக்கு உங்க ரயில்.

மாப்பிள்ளை: இன்னொண்ணு எடுக்கணும்.

அண்ணி: அதே எண்தான் வந்துடுச்சே. அப்புறம் எதுக்கு?

மாப்பிள்ளை: சும்மா... முனையைக் கொஞ்சம் நகத்தி வச்சு.

அண்ணி: எவ்வளவு நகத்தி?

மாப்பிள்ளை: கொஞ்சம்.

அண்ணி: கொஞ்சம்னா அளவா அது? அளக்கற பொழப்புல இருந்துக்கிட்டு... ஒரு நகக்கனம் தள்ளவா?

மாப்பிள்ளை: ...

அண்ணி: என்ன, காதுல விழுந்துதா?

மாப்பிள்ளை: விழுந்துது. நகக்கனம். அந்த வார்த்தையைக் கேட்டே ரொம்ப நாள் ஆச்சு.

அண்ணி: அரை மில்லிமீட்டர்.

மாப்பிள்ளை: தெரியும். உங்களுக்கு மட்டும் அப்பவே மில்லிமீட்டர் கிடையாது. எல்லாம் நகக்கனம், அரை நகக்கனம், முடிக்கனம். பேராசிரியர் எத்தனை தடவை திட்டியிருப்பாரு.

அண்ணி: இந்தத் திருகை ஒரு சுத்து சுத்தினா சரியா என் நகக்கனம்தான் நகரும். வச்சுப் பாத்திருக்கேன். லேசர் இருந்த இடத்துலயே இருக்கட்டும், முனையை நான் நகத்தறேன். இப்ப லேசர் சுடரோட நடுவுல விழுது. ஒரு சுத்து... ஆச்சு. இப்ப ஓரத்துல விழும்.

மாப்பிள்ளை: விளக்கு போடாம எப்படி...

அண்ணி: இந்த மேசையில ஒவ்வொரு திருகும் எனக்கு விரல்ல தெரியும். ஓடட்டுமா?

மாப்பிள்ளை: ஓடட்டும்.

அண்ணி: இன்னொரு நாற்பது நிமிஷம். ...ஏன் ஓரத்துல அளக்கணும்னு சொல்லவே இல்லையே.

மாப்பிள்ளை: சும்மாதான்னேனே. நீங்களும் ஏன்னு ரெண்டாவது தடவை கேக்கலையே.

அண்ணி: வந்த விருந்தாளி ஆசைப்பட்டா செய்யறதுதான்.

மாப்பிள்ளை: ம்.

அண்ணி: என்ன ம்?

மாப்பிள்ளை: ஒண்ணுமில்ல... இந்த அறை முன்னாடி என்னவா இருந்துது? எனக்கு ஞாபகம் இல்ல.

அண்ணி: உடைஞ்ச நாற்காலி போட்டு வைக்கிற அறை. என் கட்டுரையை நான் வாபஸ் வாங்கின வருஷம் எனக்கு ஒதுக்கினாங்க. பெரிய ஆய்வகம் சரியான எண் சொல்றவங்களுக்கு வேணுமாம்.

மாப்பிள்ளை: ...அண்ணி.

அண்ணி: நீங்க எழுதினதுல ஒரு வரி. இன்னும் மனப்பாடமா இருக்கு. சொல்லவா?

மாப்பிள்ளை: வேண்டாம்.

அண்ணி: "ஒருவேளை கருவியின் சொந்த அகலம் சரியாகக் கழிக்கப்படாமல் இருக்கலாம்."

மாப்பிள்ளை: வேண்டாம்னேன்.

அண்ணி: அந்த ஒருவேளை இருக்கு பாருங்க. தப்புன்னு நேரா எழுதியிருந்தா சட்டையைப் பிடிச்சுச் சண்டை போட்டிருப்பேன். ஒருவேளைங்கறதோட யாரு சண்டை போடறது?

மாப்பிள்ளை: நான் பணிவா எழுதறதா நெனச்சு எழுதினேன்.

அண்ணி: எந்தக் கருவியில பாத்தாலும் கோடு கொஞ்சம் அகலமாத்தான் தெரியும். அது கருவியோட குத்தம். அதைக் கழிச்சுட்டுத்தான் மீதியை எடுத்துக்கணும். பாத்திரத்தோட வச்சு நிறுத்தா பாத்திரத்தோட எடையைக் கழிக்கற மாதிரி. முதல் வருஷம் படிக்கிற பிள்ளைக்குத் தெரியும் இது. நான் அதை மறந்துட்டேன்னு எங்க போனாலும் பேச்சு. மாநாட்டுல ஒருத்தர் கேக்கறாரு, மேடம், இன்னைக்குக் கழிச்சுட்டீங்களான்னு. அரங்கமே சிரிக்குது.

மாப்பிள்ளை: எனக்குத் தெரியாது.

அண்ணி: உங்களுக்கு எப்படித் தெரியும்? ஊர் மாறிப் போயிட்டீங்க. அப்புறம் ஒரு வருஷம் நான் வேற வேலையே பாக்கல. காலையில வந்து பாதரச விளக்கை ஏத்தி கருவியோட அகலத்தை அளக்கறது. சாயங்காலம் போறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை அளக்கறது. வாயு சூடானா அதுவும் கோட்டை அகலமாக்கும், அதைத் தனியா அளந்தேன், கழிச்சேன். அதுவரைக்கும் யாரும் கழிக்காத சின்னச் சின்னதெல்லாம் கழிச்சேன். ஒரு நாள் கூட எண் மாறல. நாலுன்னா நாலு.

மாப்பிள்ளை: அந்த நோட்டுகள் இருக்கா?

அண்ணி: அலமாரியில. நாற்பது நோட்டு.

மாப்பிள்ளை: நாற்பது... அண்ணி, நான் சொன்னா நம்புவீங்களான்னு தெரியல. கோடு அகலத்துல இன்னைக்கு எல்லாரும் உங்க கழித்தல் முறையைத்தான் எடுத்துக்கறாங்க. உங்க பேரு தெரியாமலே எடுத்துக்கறாங்க. என் மாணவங்களுக்கு நானே அதைத்தான் சொல்லித் தரேன். இவ்வளவு சுத்தமா அளக்கற ஆளை நான் வேற எங்கயும் பாத்ததில்ல. இதை அந்த வராந்தாவுலயே சொல்லியிருக்கணும்.

அண்ணி: ...இப்ப சொன்னா மட்டும் காது கேக்காதா என்ன.

மாப்பிள்ளை: அவ்வளவு உறுதியா இருந்தவங்க ஏன் வாபஸ் வாங்கினீங்க?

அண்ணி: என் எண்ணுல தப்பு இல்ல. உன் எண்ணுலயும் தப்பு கண்டுபிடிக்க முடியல. தலைகீழா நின்னு பாத்தேன், முடியல. எங்கயோ இடிக்குதுன்னு தெரியுது, எங்கன்னு தெரியல. அதுக்கு மேல வாதம் பண்ணினா உன் வேலை போகும்னாங்க. உனக்கு அப்ப வேலை நிரந்தரம் ஆகல. என் தங்கச்சி மாசமா இருந்தா, ரத்தக் கொதிப்பு வேற. தங்கச்சி புருஷனோட வேலையை வாங்கி நான் என் நாலை நிலைநாட்டணுமா? எனக்கு அது வேண்டாம்னு பட்டுது.

மாப்பிள்ளை: இது... அவளுக்குத் தெரியுமா?

அண்ணி: யாருக்கும் தெரியாது. இருட்டுல வாய் நீளுது எனக்கு.

மாப்பிள்ளை: நீன்னு சொன்னீங்க.

அண்ணி: எப்ப?

மாப்பிள்ளை: இப்ப. உன் எண்ணு, உன் வேலைன்னு. மூணு நாலு தடவை.

அண்ணி: வாய் தவறிடுச்சு மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: இன்னும் கொஞ்சம் தவறட்டும் அண்ணி. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்.

அண்ணி: ...என்ன அது?

மாப்பிள்ளை: எது?

அண்ணி: வெளிச்சம். உங்க சட்டைப் பையில.

மாப்பிள்ளை: ஐயோ, செல்லு. அணைச்சு வச்சதாத்தான் நெனச்சேன்...

அண்ணி: கவுத்துங்க. கையால மூடுங்க. மூடிட்டீங்களா?

மாப்பிள்ளை: மூடிட்டேன். உங்க தங்கச்சிதான்.

அண்ணி: எண்ணிக்கை மூணு மடங்கு எகிறிடுச்சு. முப்பத்தொரு நிமிஷம் வீணாப் போச்சு. சாவித் துவாரத்துக்குப் பஞ்சு வச்சேன், என் தங்கச்சிக்கு வைக்க மறந்துட்டேன்.

மாப்பிள்ளை: மன்னிச்சுக்கோங்க. மறுபடி ஓட்டலாம்.

அண்ணி: எதை வச்சு ஓட்டறது? ஆர்கான் முள் சிவப்புக்கு வந்துடுச்சு. இருபது நிமிஷம் தாங்கும். அடுத்த சிலிண்டர் திங்கக்கிழமைதான்.

மாப்பிள்ளை: இருபது நிமிஷம் பத்தாது. நாற்பது வேணும்.

அண்ணி: தெரியும்.

மாப்பிள்ளை: சாயங்காலம் லேசரோட நான் கெளம்பியாகணும். இந்த ஒரு எண் இல்லாம நான் போக முடியாது அண்ணி.

அண்ணி: புது லேசர் ஓடுதான்னு பாக்கத்தானே வந்தீங்க. ஓடிடுச்சே.

மாப்பிள்ளை: ...இது வேணும். ஏன்னு இப்ப கேக்காதீங்க.

அண்ணி: கேக்கல. கொஞ்சம் சும்மா இருங்க, யோசிக்கறேன். ...துளையை அகலமாத் திறந்துடலாம், பாதி நேரத்துலயே வேண்டிய வெளிச்சம் சேந்துடும்.

மாப்பிள்ளை: வெளிச்சம் உள்ள போற துளையையா? அகலமாத் திறந்தா நிறமெல்லாம் கலங்கிடும். எது எந்த நிறம்னு பிரிக்க முடியாது.

அண்ணி: நிறம் எதுக்கு வேணும்?

மாப்பிள்ளை: எலக்ட்ரானோட சூட்டுக்கு. வேகமா ஓடினா சிதறின வெளிச்சம் நிறம் பரவி வரும், அதை வச்சுத்தானே...

அண்ணி: சூடுதானே? அடர்த்திக்கு மொத்த வெளிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சா போதும். நிறம் எப்படியோ கலங்கட்டும். சூட்டுல நமக்குத் தகராறே இல்லையே.

மாப்பிள்ளை: ...துளையை மாத்தினா, எவ்வளவு வெளிச்சத்துக்கு எவ்வளவு எலக்ட்ரான்னு சொல்ற அளவுகோலையும் மறுபடி போடணுமே.

அண்ணி: அளவுகோலை வெறும் காத்துல போட்டுக்கலாம். அதுக்கு ஆர்கான் வேண்டாம். முதல்ல சுடரை அளந்துடுவோம், முடிஞ்சதும் காத்தை அளப்போம். என்ன, சரியா?

மாப்பிள்ளை: சரிதான். எல்லாமே சரி. இது எனக்குத் தோணவே இல்ல. இருட்டுல, அரை நிமிஷத்துல... எப்படி அண்ணி?

அண்ணி: இல்லாத வீட்டுல சமைச்சுப் பழகினவ. திறந்துட்டேன். லேசரைத் தட்டுங்க.

மாப்பிள்ளை: தட்டிட்டேன். ஓடுது.

அண்ணி: செல்லு எங்க?

மாப்பிள்ளை: மேல உக்காந்திருக்கேன்.

அண்ணி: நல்லது. ...என்ன எழுதியிருந்தா?

மாப்பிள்ளை: யாரு?

அண்ணி: என் தங்கச்சி.

மாப்பிள்ளை: பேசிட்டீங்களான்னு.

அண்ணி: என்ன பேசணுமாம்?

மாப்பிள்ளை: அது... ஊருக்கு எப்ப வரீங்கன்னு. உங்களைக் கூப்பிடச் சொன்னா.

அண்ணி: உங்களுக்குப் பொய் சொல்ல வராது மாப்பிள்ளை. குரல் ரெண்டு படி மேல ஏறிடுது.

மாப்பிள்ளை: முள்ளைப் பாருங்க.

அண்ணி: சிவப்புக்குள்ள போயிடுச்சு. சுடர் இன்னும் நேரா நிக்குது. ...நில்லுடா கண்ணு, இன்னும் அஞ்சு நிமிஷம்.

மாப்பிள்ளை: ஜெட்டுக்கிட்ட பேசறீங்க.

அண்ணி: பதினோரு வருஷமா வேற யாரு இருந்தா பேச? ...மூணு நிமிஷம். ...ரெண்டு. ...ஒண்ணு. போதும், எடுத்துக்கோங்க. சுடர் அணைஞ்சிடுச்சு பாத்தீங்களா. சொல்லி வச்ச மாதிரி.

மாப்பிள்ளை: இப்ப காத்து.

அண்ணி: காத்து ஓடுது. அது பலமான வெளிச்சம், நாலு நிமிஷம் போதும். ...முடிஞ்சுது. வகுத்துப் பாருங்க.

மாப்பிள்ளை: நீங்க பாருங்க.

அண்ணி: உங்க கருவி, உங்க கணக்கு.

மாப்பிள்ளை: நீங்களே படிக்கணும். அதுக்குத்தான்... தயவுசெஞ்சு படிங்க.

அண்ணி: ...மூணு புள்ளி ஒன்பது.

மாப்பிள்ளை: எத்தனை கோடி கோடி?

அண்ணி: மூணு புள்ளி ஒன்பது கோடி கோடி.

மாப்பிள்ளை: நாலுன்னு சொல்லுங்க.

அண்ணி: மூணு புள்ளி ஒன்பதை நாலுன்னு சொல்ற பழக்கம் எனக்கு இல்ல.

மாப்பிள்ளை: விளக்கைப் போடட்டுமா?

அண்ணி: வேண்டாம். கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கட்டும்.

மாப்பிள்ளை: அழறீங்களா?

அண்ணி: ஆமா.

மாப்பிள்ளை: ...நான் சொல்றேன், கேளுங்க. குறுக்கப் பேசாதீங்க, பேசினா எனக்குத் தைரியம் போயிடும். இந்தச் சுடர் நடுவுல கனமா இல்ல. நடுவுல லேசா இருக்கு, ஓரத்துல வளையம் மாதிரி சுத்தி எலக்ட்ரான் அடர்ந்து இருக்கு. நீங்க பக்கவாட்டுல நின்னு வர்ற வெளிச்சத்தைப் பாத்தீங்க. வெளிச்சம் எல்லாம் அந்த வளையத்துல இருந்துதான் வருது, அதனால நாலு. நான் லேசரைக் குறி பாத்து நட்டநடுவுல விட்டேன், அதனால ஒண்ணு. வளையலுக்கு நடுவுல விரலை விட்டுட்டு, தங்கமே இல்லைன்னு எழுதிட்டேன்.

அண்ணி: ...எப்பத் தெரிஞ்சுது?

மாப்பிள்ளை: எட்டு மாசம் ஆச்சு. உங்க தங்கச்சிதான் கண்டுபிடிச்சா.

அண்ணி: அவளா? அவளுக்குச் சமையலறையில பல்பு மாத்தத் தெரியாதே.

மாப்பிள்ளை: சாப்பாடு கொண்டு வந்தா. தோள் பை முனைத் தாங்கியில மாட்டிக்கிச்சு, இழுத்துட்டா. கன்னாபின்னான்னு திட்டினேன். அவ கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. அப்புறம் பாத்தா எண் மூணரை. கருவி கெட்டுப் போச்சுன்னு நெனச்சு முனையைத் திருப்பி நடுவுக்குக் கொண்டு வந்தேன். ஒண்ணு. மறுபடி தள்ளினேன். மூணரை. அன்னைக்குச் சாப்பாடு இறங்கல எனக்கு. வீட்டுக்குப் போய் அவகிட்ட ரெண்டு மன்னிப்பு கேட்டேன். ஒண்ணு அவளுக்கு. இன்னொண்ணு அவ அக்காவுக்கு. ரெண்டாவதை நீங்களே நேர்ல போய்க் கேளுங்கன்னுட்டா.

அண்ணி: எட்டு மாசம் ஆச்சே மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: வாய் வரல. பத்து தடவை செல்லை எடுத்திருப்பேன். பதினோரு வருஷம் ஒருத்தியை உடைஞ்ச நாற்காலி அறையில உக்கார வச்சுட்டு, ஹலோன்னு எப்படி ஆரம்பிக்கறது? அதனால முதல்ல பத்திரிகைக்கு எழுதினேன். என் எண் நடுவுக்கு மட்டும்தான் பொருந்தும், அவங்க எண்தான் மொத்தச் சுடருக்கும் சரி, கருவியின் அகலம் சரியாகவே கழிக்கப்பட்டிருந்ததுன்னு. ஒருவேளை இல்லாம எழுதினேன். அச்சுல வந்ததும் அதை எடுத்துட்டு உங்க வாசல்ல வந்து நிக்கலாம்னு இருந்தேன்.

அண்ணி: அப்புறம் வர வேண்டியதுதானே?

மாப்பிள்ளை: நடுவரா இருந்து படிச்சுப் பாக்கறவங்க மூணு பேரு. ரெண்டு பேரு உடனே சரின்னுட்டாங்க. மூணாவது ஆளு இருக்கே... சரியான கல்நெஞ்சு.

அண்ணி: கல்நெஞ்செல்லாம் இல்ல.

மாப்பிள்ளை: உங்களுக்கு எப்படித் தெரியும்? உன் ஜெட்ல அளந்தா போதாது, தகராறு எந்த ஜெட்ல ஆரம்பிச்சுதோ அதே ஜெட்ல, அதே அறிவியலாளர் முன்னிலையில அளந்தாத்தான் ஏத்துக்குவேன்னு எழுதியிருக்கு. முன்னிலையில. கோர்ட்டு மாதிரி.

அண்ணி: சரியாத்தானே எழுதியிருக்கு.

மாப்பிள்ளை: அண்ணி...

அண்ணி: நான்தாண்டா அது. பத்திரிகைக்காரங்களுக்கு முதல்லயே சொல்லிட்டேன், எனக்கும் இவனுக்கும் பழைய வழக்கு இருக்கு, வேற ஆளைப் பாருங்கன்னு. அதனாலதான் உங்ககிட்ட கேக்கறோம்னாங்க. படிச்சேன். முதல் பக்கத்துலயே எனக்குப் போதும்னு ஆயிடுச்சு, அன்னைக்கே சரின்னு எழுதியிருக்கலாம். எழுதியிருந்தா அது அச்சுல வந்திருக்கும், நீ ஒரு பிரதியைத் தபால்ல போட்டிருப்பே. மறுபடியும் எங்கயாவது வராந்தாவுல போர்வை வேணுமான்னு கேட்டுக்கிட்டு உக்காந்திருப்போம். உன்னை இங்க வரவழைக்க எனக்கு வேற வழி தெரியலடா சிதறல். காலையில இருந்து எதுவும் தெரியாத மாதிரி உக்காந்திருக்கேன், கோபம்னா கோபப்பட்டுக்கோ.

மாப்பிள்ளை: நகக்கனம்ங்கற வார்த்தையைக் கேட்டே ரொம்ப நாள் ஆச்சுன்னு சொன்னேன் பாரு, அது பொய். போன மாசம்தான் படிச்சேன். மூணாவது நடுவரோட அறிக்கை, ரெண்டாவது பக்கம், கடைசி வரி: முனையை ஒரு நகக்கனம் தள்ளி அளக்கவும். அன்னைக்கே டிக்கெட் எடுத்துட்டேன், அகலம்.